மதுரவாயலில் இறங்கும் லாரி எங்கே போகும்?

சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கூவத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் மொட்டையாக நின்ற தூண்கள்தான். அரசியல் பேசுகிறவர்களுக்கு அது இரண்டு கட்சிகளின் சண்டை. சூழலியல் பேசுகிறவர்களுக்கு ஆற்றின் மேல் நடந்த அத்துமீறல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பேச்சு முழுவதையும் தூண்களே விழுங்கிவிட்டதால், அந்தச் சாலையின் இரண்டு முனைகளைப் பற்றிய கேள்விகள் கேட்கப்படாமலேயே போயின. ஒரு முனை துறைமுக வாயில், மறுமுனை மதுரவாயல் சந்திப்பு. சரக்கு லாரியின் நேரம் தொலைவதும் மிஞ்சுவதும் இந்த இரண்டு இடங்களில்தான். நடுவில் இருக்கும் 20 கிலோமீட்டரை, வழி திறந்திருந்தால், அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

சென்னைத் துறைமுகத்துக்கு இயற்கை கொடுத்த வசதி எதுவும் இல்லை. கப்பல் ஒதுங்க ஆறும் குடாவும் இல்லாத திறந்த கடற்கரையில், கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பி உண்டாக்கிய செயற்கைத் துறைமுகம் அது. 1875இல் அடிக்கல் நாட்டினார்கள், 1881 புயல் கட்டியதில் பெரும்பகுதியைத் தகர்த்துவிட்டுப் போனது, மறுபடியும் கட்டினார்கள். அன்றைக்குத் துறைமுகத்தின் பின்புறம் ஜார்ஜ் டவுன் இருந்தது, சரக்கும் அங்கேதான் இருந்தது. மாட்டுவண்டியும் ரயிலும் போதுமானதாக இருந்தன. நூறு ஆண்டுகள் கழித்து, 1983இல், நாட்டின் முதல் தனிச் சரக்குப் பெட்டக (கன்டெய்னர்) முனையம் இங்கே திறக்கப்பட்டபோது நகரம் துறைமுகத்தைச் சுற்றி இறுக்கமாக வளர்ந்து முடிந்திருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் சரக்கின் ஊரும் மாறியது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று தொழிற்சாலைகள் மேற்கிலும் தென்மேற்கிலும் எழுந்தன. ஏற்றுமதிப் பொருள் பிறக்கும் இடத்துக்கும் கப்பல் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு முழு மாநகரம் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மாநகரம் பகலில் கனரக வாகனங்களை உள்ளே விடாது. விடவும் முடியாது. ஆகவே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் டிரெய்லர் மதுரவாயலில் இடதுபுறம் திரும்பி, சென்னை பைபாஸில் வடக்கே ஏறி, புழல், மாதவரம், மணலி என்று நகரை வளைத்து, எண்ணூர் விரைவுச் சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கி, ராயபுரம் பக்கம் உள்ள துறைமுக வாயிலான ஜீரோ கேட்டுக்கு வந்து சேர்கிறது. கிழக்கே போக வேண்டிய வண்டி வடக்கே போய், கடலைப் பார்த்துவிட்டு, மறுபடி தெற்கே வருகிறது.

இந்த வடக்கு வழியைச் சீர்செய்யத்தான் எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. சுமார் 30 கிலோமீட்டர் சாலை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், மாநில அரசு என்று நான்கு பங்காளிகள். பங்காளிகள் கூடினால் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு இதுவே பாடப்புத்தக உதாரணம். கடலோர மீனவக் குடியிருப்புகளின் மறுகுடியமர்வு, கடலரிப்பு, நில எடுப்பு, செலவுப் பகிர்வு என்று ஒவ்வொன்றிலும் ஆண்டுகள் கரைந்தன. அந்த ஆண்டுகளில் ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, மறுபக்கம் வரிசை நகராத டிரெய்லர்கள் என்பதுதான் எண்ணூர் விரைவுச் சாலையின் தோற்றமாக இருந்தது. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வரிசைக்குச் சாலை மட்டும் காரணம் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வாயிலில் ஒரு ஏற்றுமதிப் பெட்டிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் பெட்டியை உள்ளே கொண்டுபோவதற்கான தாளான ஃபார்ம் 13ஐக் காட்ட வேண்டும். பெட்டியின் எண்ணும் சீல் எண்ணும் தாளில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். 2016 ஜூலை முதல் பெட்டியின் மொத்த எடையைச் சரிபார்த்த சான்று இல்லாமல் கப்பலில் ஏற்ற முடியாது. சுங்கத்துறையின் அனுமதி வந்திருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். ஓரம் கட்ட இடம் இல்லாத வாயிலில் ஒரு வண்டியின் தாள் கோளாறு பின்னால் நிற்கும் அத்தனை வண்டிகளின் கோளாறாகிவிடுகிறது. கணினிப் பதிவும் மின்னணு சீலும் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் கப்பலின் கட்–ஆஃப் நேரம், அதாவது பெட்டியை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம், நெருங்கும்போது எல்லா ஏற்றுமதியாளரும் ஒரே சமயத்தில் பெட்டியை அனுப்புகிற பழக்கத்தை எந்தக் கணினியும் மாற்றவில்லை. சென்னையில் ஏறும் பல பெட்டிகள் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற வேண்டியவை. இங்கே சின்னக் கப்பலைத் தவறவிட்டால் அங்கே பெரிய கப்பலும் தவறிவிடும். அந்தப் பயம்தான் வண்டிகளை முன்கூட்டியே சாலையில் நிறுத்தி வைக்கிறது.

சரி, பறக்கும் சாலைக்கு வருவோம். மேற்கிலிருந்து வரும் சரக்கை நகரத்தின் தலைக்கு மேல் நேராகத் துறைமுகத்துக்குள் இறக்கிவிடலாம் என்ற யோசனைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கிலோமீட்டர், நான்கு வழி, மதிப்பீடு 1,815 கோடி ரூபாய். நகருக்குள் நிலம் எடுப்பது முடியாத காரியம் என்பதால் கூவத்தின் தடத்தையே பாதையாகப் பிடித்தார்கள். 2012 மார்ச்சில் மாநிலப் பொதுப்பணித்துறை வேலையை நிறுத்தியது. தூண்கள் கரையில் நிற்பதற்குப் பதிலாக ஆற்றுப் போக்கிலேயே நிற்கின்றன, வெள்ள நீர் தடைபடும் என்பது காரணம். 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வேலையைத் தொடரலாம் என்றது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆட்சி மாறியதும் எழுப்பப்பட்ட எதிர்ப்பு என்பதால் அதை வெறும் அரசியல் என்று ஒதுக்கிவிடுவது அன்றைக்கு எளிதாக இருந்தது. 2015 டிசம்பரில் அடையாறும் கூவமும் கரை மீறிய பிறகு, ஆற்றில் தூண் என்ற கேள்வியை அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. அரசியல் காரணத்துக்காகக் கேட்கப்பட்டிருந்தாலும் கேள்வி சரியான கேள்விதான்.

கூவக் கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை, சாலைக்காகவும் ஆற்றுச் சீரமைப்புக்காகவும், நகரின் தென்கோடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். சாலை வரவில்லை. திட்டச் செலவின் எந்த அட்டவணையிலும் இது ஏறாது.

பிறகு வந்ததுதான் ஈரடுக்குத் திட்டம். 2022 மே 16 அன்று மாநில அரசு, நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், கடற்படை ஆகிய நான்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பத்து நாள் கழித்து பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். மதிப்பீடு 5,850 கோடியைத் தாண்டியது. கடற்படை இதில் எங்கே வந்தது என்று கேட்கலாம். துறைமுகத்தின் தென்முனையில், போர் நினைவுச் சின்னம், நேப்பியர் பாலம் பக்கம், பாதை கடற்படை இடத்தை ஒட்டிப் போகிறது. பழைய தூண்களில் பல புதிய வடிவமைப்புக்கு ஒத்துவராமல் இடிக்கப்பட்டன.

ஈரடுக்கின் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கீழ்த்தளம் சிவானந்தா சாலைக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே நகர வாகனங்களுக்கு. அதற்கு 13 ஏறு–இறங்கு பாதைகள். மேல்தளம் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை சரக்கு வாகனங்களுக்கு. நடுவில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நகரவாசிக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் சாலைக் கணக்கில் மிகச் சரியானது. சாலைத் திட்டமிடலில் நம் ஊர் விதிமுறைகள் ஒரு சாதாரண லாரியை மூன்று காருக்கும், டிரெய்லரை நாலரை காருக்கும் சமமாக எண்ணுகின்றன. அதுவும் சமதளத்தில் ஓடும்போது. ஏற்றத்தில், முன்னே ஒரு கார் திடீரென்று வெளியேறும் பாதைக்கு ஒதுங்கும்போது, நிறைபாரம் ஏற்றிய டிரெய்லர் வேகத்தை இழந்துவிட்டால் அதைத் திரும்பப் பிடிக்க நீண்ட தூரம் ஆகும். ஒவ்வொரு ஏறு–இறங்கு பாதையும் அப்படி ஓர் இடையூறு. இடையூறே இல்லாத மேல்தளம் என்பது சரக்குக்குப் பெரும் பலனைத் தரக்கூடியது.

அந்தப் பலன் அத்தனையும் மதுரவாயலில் கைமாறுகிறது. தடையில்லாமல் வந்த வண்டிகள் எல்லாம் அந்த ஒரு சந்திப்பில் வந்து கொட்டும். அங்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, அதாவது பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை போகும் 32 கிலோமீட்டர் பைபாஸைச் சந்திக்கிறது. நான்கு இலை போல நான்கு வளையங்கள் கொண்ட க்ளோவர்லீஃப் வகைச் சந்திப்பு. கத்திப்பாராவைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வகையின் மேல் ஒரு மயக்கம் உண்டு. மேலிருந்து படம் எடுத்தால் அழகாக இருக்கும், சிக்னலும் இல்லை. காருக்கு நல்லதுதான். டிரெய்லருக்கு இது சோதனை.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடதுபுறம் ஓட்டும் நம் நாட்டில் க்ளோவர்லீஃபில் இடப்பக்கம் திரும்புவது எளிது. ஒதுங்கி, நேராக இறங்கிவிடலாம். வலப்பக்கம் போக வேண்டுமானால் பாலத்தைக் கடந்து, இடதுபுறம் வளைந்து, முக்கால் வட்டம் சுற்றி மறு சாலையில் சேர வேண்டும். வளையத்தின் ஆரம் சிறியது. 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பாரவண்டி அதில் போகக் கூடாது. நாற்பதடிப் பெட்டியின் உச்சி தரையிலிருந்து நான்கு மீட்டருக்கு மேல் நிற்கும்; உள்ளே சரக்கு எப்படி அடுக்கியிருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது, அவர் பார்த்ததும் இல்லை, சீல் வைத்த பெட்டி. வளைவில் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டி சாயும். டிரெய்லரோடு பிணைக்கும் மூலைப் பூட்டு சரியாக விழாத பெட்டி டிரெய்லரை விட்டுக் கழன்று உருள்வது வட சென்னைக்காரர்கள் கண்ட காட்சிதான். ஆகவே கவனமான ஓட்டுநர் வளையத்தில் ஊர்வார். ஊர்ந்து வெளியே வரும் அந்த வண்டி பிரதான சாலையில் சேர வேண்டிய அதே சில நூறு அடிக்குள், பிரதான சாலையிலிருந்து அடுத்த வளையத்துக்குள் நுழைய வேண்டிய வண்டிகள் குறுக்கே வெட்டுகின்றன. சேருகிறவனும் பிரிகிறவனும் ஒரே துண்டுச் சாலையில் பின்னிக்கொள்கிறார்கள். வண்டிகள் குறைவாக இருக்கும்வரை இந்தப் பின்னல் ஓடும். ஓர் அளவைத் தாண்டியதும் மொத்தமாக நின்றுவிடும்.

இப்போது மதுரவாயலில் யார் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ச் சரக்கு நேராக வரும், நேராகப் போகும்; அதற்குச் சந்திப்பில் சிக்கல் குறைவு. துறைமுகத்திலிருந்து தாம்பரம், மறைமலைநகர் போகும் இறக்குமதிப் பெட்டிக்கு மதுரவாயலில் இடதுபுறத் திருப்பம், அதுவும் எளிது. எதிர்த்திசையில்தான் வில்லங்கம். மறைமலைநகரிலிருந்து பைபாஸில் வடக்கே வந்து துறைமுகத்துக்குக் கிழக்கே திரும்ப வேண்டிய ஏற்றுமதிப் பெட்டி, க்ளோவர்லீஃபின் இலக்கணப்படி, முக்கால் வட்ட வளையத்தைச் சுற்ற வேண்டும். கட்–ஆஃப் நேரத்தை நோக்கி ஓடுகிற, நிறைபாரம் ஏற்றிய வண்டிக்கே மிக மோசமான திருப்பம் வாய்க்கிறது. துறைமுகத்துக்கென்று வருகிற பெரிய சாலைகளின் முனையில் இத்தகைய வளையங்களை எடுத்துவிட்டு, அதிக வண்டிகள் திரும்பும் திசைக்கு மட்டுமாவது நேரடி மேம்பாலக் கை ஒன்றைப் போடுவது உலகெங்கும் செய்யப்படுகிற வேலை. இங்கேயும் பறக்கும் சாலையின் அதே கணக்கில் அதைச் சேர்ப்பதுதான் நியாயம். பாலத்துக்கு 5,850 கோடி செலவிட்டுவிட்டு அதன் வாயை அப்படியே விடுவது சிக்கனம் ஆகாது.

டப்ளினில் இதை ஒரு முறை செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் துறைமுகம் நகரின் நடுவில். 2006 டிசம்பரில், நகரத்துக்கு அடியில் நாலரை கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள். சரக்கு லாரி அதன் வழியாக எம்50 சுற்றுச்சாலைக்குப் போகும். 2007 பிப்ரவரியில் ஐந்தோ அதற்கு மேலோ அச்சுள்ள லாரிகளுக்குப் பகலில் நகர மையத்தில் தடை போட்டார்கள். சுரங்கத்தில் லாரிக்குக் கட்டணம் இல்லை, காருக்குத்தான் கட்டணம், அதுவும் நெரிசல் நேரத்தில் கூடுதல். சரக்கு வேண்டும், கார் வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே காலத்தில் சுற்றுச்சாலையை அகலப்படுத்தி, அதன் சந்திப்புகளையும் திருத்தி 2010இல் முடித்தார்கள். எல்லாமே சரியாக நடந்ததாகச் சொல்ல முடியாது. சுரங்கத்தின் உயரம் போதவில்லை, உயரமான லாரிகள் உள்ளே போக முடியாது என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆனால் முனை, நடு, கட்டணம், தடை ஆகிய நான்கையும் ஒரே முடிவாக எடுத்தார்கள்.

நம்மிடம் அவை நான்கும் நான்கு அலுவலகங்களில் இருக்கின்றன. மதுரவாயலுக்கு மேற்கே, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வரையிலான நெடுஞ்சாலை ஏற்கெனவே பிதுங்குகிறது. அங்கேயும் உயர்மட்டச் சாலை ஒன்று பேச்சில் இருக்கிறது. 262 கிலோமீட்டர் பெங்களூரு விரைவுச் சாலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்து முடிகிறது. கிழக்கிலிருந்து பறந்து வரும் சாலை மதுரவாயலோடு நிற்கிறது, மேற்கிலிருந்து விரைந்து வரும் சாலை ஸ்ரீபெரும்புதூரோடு நிற்கிறது. நடுவே உள்ள துண்டில் பஸ்ஸும், கல்லூரி வாகனமும், கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரியும், டிரெய்லரும் ஒன்றாக நிற்கும்.

இன்னொரு சிக்கல் வரைபடத்தில் தெரியாது. டிரெய்லர் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நேர்க்கோட்டில் ஓடுவதில்லை, முக்கோணத்தில் ஓடுகிறது. காலிப் பெட்டியை ஒரு யார்டில் எடுக்க வேண்டும், தொழிற்சாலையில் சரக்கு ஏற்ற வேண்டும், துறைமுகத்தில் விட வேண்டும். காலிப் பெட்டி யார்டுகளும் சரக்குப் பெட்டக நிலையங்களும் பெரும்பாலும் மாதவரம், மணலி, பொன்னேரி சாலை என்று வடக்கேதான் இருக்கின்றன, ஏனென்றால் ஜீரோ கேட் வடக்கே இருக்கிறது. துறைமுகத்தில் பெட்டியை விட்ட வண்டி அடுத்த காலிப் பெட்டிக்கு எப்படியும் வடக்கே போயாக வேண்டும் என்றால், பறக்கும் சாலை அதற்கு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே சுருக்கித் தரும். யார்டுகள் மேற்கே நகர்ந்தால்தான் முழுப் பலன். ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே மப்பேட்டில் 184 ஏக்கரில் வரவிருக்கும் சரக்குப் பூங்காவுக்கும் இதே 2022 மே மாதத்தில்தான் அடிக்கல் நாட்டினார்கள். செய்தித்தாளில் இரண்டும் இரண்டு திட்டங்களாக வந்தன. லாரிக்காரருக்கு அவை ஒரே திட்டம்.

தாமதத்தின் காலத்தில் சரக்கு சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. நிசான் தன் கார்களை எண்ணூர் வழியாகவே ஏற்றுமதி செய்தது. 2013இல் எண்ணூரை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. 2011 முதல் பத்தாண்டுகள் சென்னைத் துறைமுகத்தின் பெட்டகக் கணக்கு, இருபதடிப் பெட்டி அளவில், ஆண்டுக்கு 15 லட்சத்தைச் சுற்றியே நின்றுவிட்டது, ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியும் கூட. 2020இல் சென்னைத் துறைமுகமே எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசிடம் இருந்த பங்கை வாங்கி அதை முழுமையாகத் தன்னுடையதாக்கிக்கொண்டது. எண்ணூரையும் காட்டுப்பள்ளியையும் ஸ்ரீபெரும்புதூரோடும் மாமல்லபுரத்தோடும் இணைக்க 133 கிலோமீட்டர் எல்லைச் சாலை எழுந்துகொண்டிருக்கிறது; அது நகரத்தைத் தொடாமலேயே சுற்றிப் போகும். பறக்கும் சாலை எதற்கு, சரக்கு முழுவதையும் வடக்கே அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்களின் கையில் உள்ள வலுவான வாதம் இதுதான். அதை முழுதாக ஏற்க முடியவில்லை. சென்னையில் கப்பல் கம்பெனிகளின் தடங்களும் இரண்டு பெட்டக முனையங்களும் இருக்கின்றன, அவற்றைத் தூக்கி வைக்க முடியாது. எண்ணூர், பழவேற்காடு சதுப்பு நிலம் தாங்கக்கூடிய சுமைக்கும் எல்லை உண்டு. ஆனால் எல்லைச் சாலை முன்னால் முடிந்து, பறக்கும் சாலை பின்னால் முடிந்தால், சரக்கு ஒரு முறை பழகிய வழியை விட்டுத் திரும்பி வருவது கடினம்.

துறைமுகப் பக்கமும் வேலை இருக்கிறது. இதுவரை பெட்டக லாரி வடக்கிலிருந்து ஜீரோ கேட் வழியாக வந்தது. பறக்கும் சாலை தெற்கிலிருந்து நுழைகிறது. தாள் சரிபார்க்கும் கூடம், எடைமேடை, கோளாறு வண்டியை ஓரம் கட்டும் இடம் எல்லாம் தெற்கே புதிதாக வேண்டும். உள்ளே முனையம் வரை போகத் தனி வழியும் வேண்டும். ஓரம் கட்ட இடம் தரையில் அமையாவிட்டால் எண்ணூர் சாலையில் நின்ற வரிசை இப்போது பாலத்தின் மேல் நிற்கும். அங்கே டீக்கடை கிடையாது, திரும்பிப் போக வழியும் கிடையாது.

கட்டணம் கடைசியில் பேசப்படும், லாரி உரிமையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். பைபாஸில் வானகரத்திலும் சூரப்பட்டிலும் ஏற்கெனவே சுங்கச்சாவடிகள் உண்டு. மேல்தளத்துக்கும் கட்டணம் என்றால், சரக்கோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை என்று ஒரே பெட்டிக்கு இரண்டு முறை கட்ட நேரும். வடக்கு வழியில் செலவாகும் கூடுதல் டீசலையும் ஓட்டுநரின் படியையும் ஒரு பக்கம் வைத்து, இந்தக் கட்டணத்தை மறுபக்கம் வைத்து அவர் கூட்டிக் கழிப்பார். வித்தியாசம் சில நூறு ரூபாய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அவருடைய வண்டி இன்றைக்குப் போவது போலவே மதுரவாயலில் இடதுபுறம் திரும்பி மணலி வழியாகத்தான் போகும்.